சொந்த சர்வரில் வேர்ட்பிரஸ்: படம் ஏறவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

சர்வரில் சொந்தமாக இடம் வாங்கி, வலைப்பதிவு நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் போட்டு எழுதுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது படம் ஏற்றும் சிக்கலைப் பற்றித்தான். எழுத்து சேமிக்கிறது, பின்னூட்டம் வருகிறது, படம் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அமைப்புகளின் பெயர்களை உச்சரிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன், சர்வரில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படம் ஏற்றும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரவுசர் படத்தை அனுப்புகிறது. நடுவில் கிளவுட்ஃபிளேர் மாதிரி இடைச் சேவை ஏதாவது இருந்தால் அதன் வழியாகப் போகிறது. அப்புறம் என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள் அதை வாங்கி, வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பியிடம் கொடுக்கிறது. பிஎச்பி அதை ஒரு தற்காலிக ஃபோல்டரில் வைக்கிறது, வேர்ட்பிரஸ் அங்கிருந்து எடுத்து அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் அந்த வருடம், அந்த மாதம் என்ற துணை ஃபோல்டரில் போடுகிறது. கடைசியாக டேட்டாபேஸில் ஒரு பதிவு எழுதி, அந்தப் படத்தைப் பல அளவுகளில் வெட்டுகிறது. இத்தனை வாசல்களில் எந்த வாசலில் படம் நின்றது என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது. திரையில் வரும் செய்தி பல நேரம் அதைச் சொல்வதில்லை, நின்ற இடத்துக்கு இரண்டு வாசல் தள்ளியிருக்கிறவன் சொல்வதுதான் நமக்குக் கேட்கிறது.

எங்கிருந்து தொடங்கட்டும்?

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னப் படத்தை ஏற்றிப் பாருங்கள். 20 கேபி அளவில், 200 பிக்சல் அகலத்தில் ஒரு ஜேபெக் போதும், பெயர் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்து இருக்கட்டும். அது ஏறி, ஃபோனில் எடுத்த பெரிய படம் மட்டும் ஏறாவிட்டால், கோப்பின் அளவு அல்லது மெமரி சிக்கல். சின்னதும் ஏறாவிட்டால் அளவைப் பற்றிய எந்த அமைப்பையும் தொடாதீர்கள். ஃபோல்டர் உரிமை, இடம் தீர்ந்தது, பாதுகாப்பு விதி, பிளகின் (வேர்ட்பிரஸோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் நேராக பிஎச்பி அமைப்பைத் திருத்தப் போய் நாள் முழுக்க வீணாக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் டூல்ஸ் மெனுவில் சைட் ஹெல்த் என்று இருக்கிறது, அதில் இன்ஃபோ தாவலைத் திறந்து மீடியா ஹேண்ட்லிங் பகுதியைப் பாருங்கள். படம் வெட்ட எந்தக் கருவி இருக்கிறது, அதிகபட்சம் எத்தனை எம்பி ஏற்றலாம் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். ஃபைல்சிஸ்டம் பர்மிஷன்ஸ் பகுதியில் அப்லோட்ஸ் ஃபோல்டருக்கு எழுதும் உரிமை இருக்கிறதா என்பதும் தெரியும்.

413 என்ற பிழை எண் வருகிறது. அப்படி என்றால்?

அனுப்பிய பொதி மிகப் பெரியது என்று வெப் சர்வரே வாசலில் திருப்பி அனுப்பிவிட்டது என்று பொருள். வேர்ட்பிரஸ் வரைக்கும் படம் போகவே இல்லை, அதனால் வேர்ட்பிரஸில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. என்ஜின்எக்ஸில் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் என்ற அமைப்புக்கு இயல்பான மதிப்பு வெறும் 1 எம்பி. புதிதாக விபிஎஸ் (பெரிய சர்வரில் தனியாகப் பிரித்துத் தரும் பங்கு) வாங்கித் தாங்களே அமைப்பவர்கள் முதல் நாளே முட்டிக்கொள்வது இங்கேதான். அதை 32 அல்லது 64 எம்பி ஆக்கி என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள். கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டத்தில் 100 எம்பி வரைக்கும் விடும், படத்துக்கு அது தாராளம்.

பிஎச்பியின் அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் அளவை மாற்றிவிட்டேன், இன்னும் அதிகபட்சம் 2 எம்பி என்றே காட்டுகிறதே?

பெரும்பாலும் நீங்கள் மாற்றியது வேறு கோப்பு. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகை சர்வர்களில் ஒரே பிஎச்பி பதிப்புக்கு இரண்டு மூன்று ஐஎன்ஐ கோப்புகள் இருக்கும். சிஎல்ஐ என்ற ஃபோல்டரில் இருப்பது டெர்மினலில் ஓடுவதற்கு, எஃப்பிஎம் (தளத்துக்காக பிஎச்பியை ஓட்டும் பகுதி) என்ற ஃபோல்டரில் இருப்பதுதான் உங்கள் தளத்துக்கு. டெர்மினலில் பிஎச்பியிடம் எந்தக் கோப்பைப் படிக்கிறாய் என்று கேட்டால் அது சிஎல்ஐ கோப்பைத்தான் காட்டும், அதை நம்பி எல்லோரும் அதையே திருத்துகிறார்கள். சரியான கோப்பைத் திருத்தினாலும் பிஎச்பி-எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யாமல் எதுவும் மாறாது.

மாற்ற வேண்டியவை இரண்டு. அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ், இதன் இயல்பான மதிப்பு 2 எம்பி. போஸ்ட்_மேக்ஸ்_சைஸ், இதற்கு 8 எம்பி. இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் படத்தோடு சேர்ந்து வேறு சில விவரங்களும் அதே பொதியில்தான் போகின்றன. போஸ்ட் அளவைத் தாண்டிவிட்டால் பிஎச்பி மொத்தப் பொதியையும் காலி செய்துவிட்டு வெறுங்கையோடு வேர்ட்பிரஸிடம் போய் நிற்கும். கோப்பு காலியாக இருக்கிறது என்ற வினோதமான செய்தி வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள்.

பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஐஎன்ஐ கோப்பைத் தொட முடியாது. கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி அமைப்பு இருந்தால் அதில் மாற்றலாம், இல்லாவிட்டால் தளத்தின் மூல ஃபோல்டரில் .யூசர்.ஐஎன்ஐ என்று ஒரு கோப்பு வைக்கலாம். அதை பிஎச்பி 5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் திரும்பப் படிக்கும், அதனால் மாற்றிய உடனே பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று அழித்துவிடாதீர்கள். அப்பாச்சியின் .எச்டிஆக்சஸ் கோப்பில் பிஎச்பி_வேல்யூ என்று எழுதும் பழைய வழி, பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலாக ஓடினால் மட்டும்தான் பலிக்கும். எஃப்பிஎம் வழியாக ஓடினால் தளம் முழுவதும் 500 பிழையில் விழுந்துவிடும்.

படம் வெறும் 3 எம்பிதான். ஏறிவிட்டு, கடைசியில் சர்வர் பிசியாக இருக்கிறது, சின்னப் படமாகப் போடு என்கிறது. ஏன்?

கோப்பின் எம்பியைப் பார்க்காதீர்கள், பிக்சலைப் பாருங்கள். ஜேபெக் என்பது சுருக்கி மடித்து வைத்த துணி மாதிரி. வெட்ட வேண்டுமென்றால் விரித்துத்தான் ஆக வேண்டும். 4000க்கு 3000 பிக்சல் உள்ள சாதாரண 12 மெகாபிக்சல் படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் விரித்த படம் மட்டும் மெமரியில் 48 எம்பி பிடிக்கும். அதன் பக்கத்தில் வெட்டி வைக்க இன்னொரு இடம் வேண்டும். இப்போது வரும் ஃபோன்களில் 50 மெகாபிக்சல் மோடில் எடுத்தால் அதே கணக்கில் 200 எம்பி. பிஎச்பியின் இயல்பான மெமரி எல்லை 128 எம்பி. படம் வெட்டும் நேரத்தில் மட்டும் வேர்ட்பிரஸ் அதை 256 எம்பிக்கு உயர்த்திக்கொள்ளப் பார்க்கும், ஹோஸ்டிங்காரர் அதைப் பூட்டி வைத்திருந்தால் முடியாது.

வேர்ட்பிரஸ் 5.3 பதிப்பு 2019 நவம்பரில் வந்தபோது இதில் இரண்டு நல்ல காரியம் செய்தார்கள். 2560 பிக்சலைத் தாண்டும் படத்தைத் தானாகவே அந்த அளவுக்குச் சுருக்கி, பெயரின் கடைசியில் ஸ்கேல்டு என்று சேர்த்து வைத்துக்கொள்ளும். வெட்டும் வேலை பாதியில் செத்தாலும் விட்ட இடத்திலிருந்து சில முறை தொடர்ந்து பார்க்கும். அப்படியும் முடியாதபோதுதான் நீங்கள் சொல்லும் செய்தி வருகிறது. ஆனால் சுருக்குவதற்கே முதலில் முழுப் படத்தை விரிக்க வேண்டும் என்பதால் மெமரி பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

என் ஆலோசனை இதுதான்: வாசகருக்கு 2000 பிக்சலுக்கு மேல் தேவையே இல்லை, ஃபோனிலோ கணினியிலோ முன்னமே சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். பெரிய படம்தான் வேண்டும் என்கிற புகைப்படக்காரர்கள் மெமரி எல்லையை 512 எம்பி ஆக்கலாம், ஆனால் சர்வரில் அவ்வளவு ராம் உண்மையில் இருக்க வேண்டும். 512 எம்பி ராம் உள்ள குட்டி விபிஎஸ்ஸில், படம் வெட்டும் கருவியான இமேஜ்மேஜிக் 50 மெகாபிக்சல் படத்தை விரித்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு புரோசஸைக் கொன்றுதான் உயிர் பிழைக்கும், சில நேரம் அது டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல்லாக இருந்து தளமே விழுந்துவிடும். இமேஜ்மேஜிக் எடுக்கும் மெமரி பிஎச்பி எல்லைக்குள் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ராம் தீரும்போது டிஸ்கில் கைகொடுக்கும் ஸ்வாப் இடத்தை 1 ஜிபி வைப்பது இப்படிப்பட்ட சர்வர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

பிஎச்பி பதிப்பை உயர்த்திய பிறகு படம் ஏறுகிறது, ஆனால் சின்ன அளவுகள் ஒன்றும் உருவாகவில்லை.

படம் வெட்டும் ஜிடி அல்லது இமேஜிக் (இமேஜ்மேஜிக்கை பிஎச்பியோடு இணைப்பது) மாட்யூல் புதிய பிஎச்பிக்கு நிறுவப்படவில்லை. 8.1 இலிருந்து 8.3க்கு மாறினால் மாட்யூல்களையும் 8.3க்கு என்று தனியாக நிறுவ வேண்டும், அவை தானாக வருவதில்லை. நிறுவி, எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்த பிறகு, விடுபட்ட அளவுகளை, டெர்மினலில் வேர்ட்பிரஸை இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயில் மீடியா ரீஜெனரேட் கட்டளையால் உருவாக்கிக்கொள்ளலாம். ஒன்லி-மிஸ்ஸிங் என்று சேர்த்தால் இல்லாததை மட்டும் செய்யும்.

ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை, மேல் ஃபோல்டரில் சர்வர் எழுத முடியுமா என்று கேட்கிறது.

இது மட்டும் உண்மையைச் சொல்லும் பிழைச் செய்தி. பெரும்பாலும் மாதம் பிறக்கும்போது வரும், ஏனென்றால் அன்றுதான் புதிய மாத ஃபோல்டர் உருவாக்க வேண்டியிருக்கிறது. நேற்று வரை வேலை செய்தது, இன்று ஒன்றாம் தேதி ஏறவில்லை என்று யாராவது சொன்னால் நான் வேறு எதையும் கேட்பதில்லை.

யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்பதைக் குறிக்கும் உரிமை எண் ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. ஆனால் எண்ணைவிட முக்கியம் உரிமையாளர் யார் என்பது. பிஎச்பி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனர்தான் அப்லோட்ஸ் ஃபோல்டரின் உரிமையாளராக இருக்க வேண்டும். டெபியன், உபுண்டுவில் அது வழக்கமாக டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. நீங்கள் ரூட்டாக, அதாவது சர்வரின் தலைமைப் பயனராக நுழைந்து பேக்கப்பை விரித்திருந்தால் எல்லாம் ரூட்டின் பெயரில் இருக்கும், பிஎச்பிக்கு அங்கே ஒரு எழுத்துகூட எழுத முடியாது. சிஎச்ஓன் கட்டளையால் அப்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் சரியான பயனருக்கு மாற்றுங்கள்.

டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெபியன் அடிப்படையிலான வேர்ட்பிரஸ் இமேஜில் (இது படம் அல்ல, தயாராகக் கிடைக்கும் மென்பொருள் பொதி) டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் எண் 33, ஆல்பைன் இமேஜில் 82. இமேஜை மாற்றிவிட்டுப் பழைய ஃபோல்டரையே மவுன்ட் செய்தால் பெயர் ஒன்றாகவும் எண் வேறாகவும் இருக்கும், பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும், எழுத மட்டும் முடியாது. ஃபெடோரா, ஆல்மா, ராக்கி லினக்ஸில் இருக்கிறவர்கள், உரிமையெல்லாம் சரியாக இருந்தும் எழுத முடியாவிட்டால், எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கைப் பாருங்கள். அதை அணைத்துவிடாமல், அப்லோட்ஸ் ஃபோல்டருக்கு வெப் சர்வர் எழுதலாம் என்ற லேபிளைக் கொடுப்பதே சரி.

777 கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கொடுக்காதீர்கள். அந்த சர்வரில் இருக்கும் எந்தப் பயனரும், எந்த ஓட்டைப் பிளகினும் உங்கள் ஃபோல்டருக்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிடுவதுதான் 777. ஷேர்டு ஹோஸ்டிங்கில் பக்கத்துத் தளத்தில் புகுந்தவன் உங்கள் வீட்டுக்கும் வருவான். உரிமையாளர் சரியாக இருந்தால் 755 போதும், 777 தேவைப்படுகிறது என்றாலே உரிமையாளர் தவறு என்று அர்த்தம். அதைச் சரி செய்யுங்கள்.

வேறு ஹோஸ்டிங்குக்கு மாறினேன். உரிமை, அளவு, எல்லாம் பார்த்துவிட்டேன், ஏறவில்லை.

இதை நான் நன்றாக அறிவேன், ஒரு முழு இரவு போனது. நண்பர் ஒருவர் கிராமத்து அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் படமெடுத்து எழுதி வருகிறார். அவருடைய தளத்தை மாற்றிக் கொடுத்தேன், பழைய படங்கள் எல்லாம் தெரிகின்றன, புதிது ஒன்றுகூட ஏறவில்லை. உரிமையாளரை நான்கு முறை சரிபார்த்தேன். விடியும் நேரத்தில்தான் பிழைச் செய்தியில் இருந்த பாதையை எழுத்து எழுத்தாகப் படித்தேன். அதில் இருந்தது பழைய சர்வரின் ஹோம் ஃபோல்டர் பெயர்.

டேட்டாபேஸில் ஆப்ஷன்ஸ் டேபிளில் அப்லோட்_பாத் என்று ஒரு வரி இருக்கிறது. அது காலியாக இருப்பதுதான் இயல்பு. சில பழைய தளங்களில், சில இடமாற்றக் கருவிகள் வழியாக, அதில் பழைய சர்வரின் முழுப் பாதை உட்கார்ந்திருக்கும். டபிள்யூபி-அட்மினுக்குப் பிறகு ஆப்ஷன்ஸ்.பிஎச்பி என்று முகவரியில் தட்டினால் எல்லா அமைப்புகளும் ஒரு நீளமான பட்டியலாக வரும். அப்லோட்_பாத் பெட்டியைக் காலி செய்து சேமியுங்கள், வேறு எதையும் அங்கே தொட வேண்டாம். அன்று காலை அந்தக் குதிரைகள் ஏறின.

எல்லாம் சரி. நேற்று வரை ஏறியது, இன்று எதுவுமே ஏறவில்லை.

டிஸ்க் நிறைந்திருக்கும். டிஎஃப் கட்டளையில் எச் சேர்த்துப் பாருங்கள். இடம் இருக்கிறது என்று காட்டினால் அதே கட்டளையில் ஐ சேர்த்துப் பாருங்கள், அது ஐநோடு எண்ணிக்கை, அதாவது மொத்தம் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்ற கணக்கு. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இதற்குத் தனி வரம்பு உண்டு. ஒரு பெரிய படம் ஏற்றினால் வேர்ட்பிரஸ் 150, 300, 768, 1024, 1536, 2048 என்று ஆறு அளவு வெட்டுகிறது. 2560 ஸ்கேல்டு ஒன்று, நீங்கள் ஏற்றிய அசல் ஒன்று. மொத்தம் எட்டு கோப்பு. தீமும் கடைப் பிளகினும் தங்கள் பங்குக்கு இன்னும் நான்கைந்து அளவு சேர்க்கும். ஆயிரம் படம் என்று நீங்கள் நினைப்பது டிஸ்கில் எட்டாயிரம், பன்னிரண்டாயிரம். தற்காலிக ஃபோல்டர் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் அது மட்டும் நிறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் பாருங்கள்.

இந்த வகைக் கோப்பை ஏற்ற அனுமதி இல்லை என்கிறது. படம்தானே?

ஐபோன் படமா? 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கேமரா எச்இஐசி வடிவில் சேமிக்கிறது. வேர்ட்பிரஸ் 6.7இலிருந்து, சர்வரில் உள்ள இமேஜிக் அதைப் படிக்கத் தெரிந்ததாக இருந்தால், தானாக ஜேபெக்காக மாற்றிக்கொள்ளும். இல்லையென்றால் ஃபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று வைத்துவிடுங்கள். வெப்பி 5.8இலும் ஏவிஐஎஃப் 6.5இலும்தான் சேர்ந்தன, பழைய பதிப்பில் இருந்தால் ஏறாது. எஸ்விஜியை வேர்ட்பிரஸ் வேண்டுமென்றே தடுக்கிறது, அது படம் போலத் தெரிந்தாலும் உள்ளே ஸ்கிரிப்ட் வைக்கக்கூடிய எழுத்துக் கோப்பு. யாரோ அனுப்பிய எஸ்விஜியை ஏற்றுவதற்காக அந்தத் தடையை நீக்காதீர்கள்.

மீடியா லைப்ரரியில் ஏறுகிறது, எடிட்டரில் ஏறவில்லை.

நல்ல தகவல் இது. இரண்டும் வேறு வேறு பாதை. மீடியா லைப்ரரி அசிங்க்-அப்லோட் என்ற கோப்பு வழியாகப் போகிறது, பிளாக் எடிட்டர் ரெஸ்ட் ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல்) வழியாகப் போகிறது. எடிட்டரில் மட்டும் தடை என்றால் ரெஸ்ட் ஏபிஐயை யாரோ மூடியிருக்கிறார்கள். பாதுகாப்புப் பிளகினில் அதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கும், அதை எடுத்துப் பாருங்கள். பெர்மாலிங்க் (பதிவுகளின் முகவரி அமைப்பு) பக்கத்தைத் திறந்து எதையும் மாற்றாமல் சேமித்தாலே சரியாவதும் உண்டு. ஜேசன் பதில் சரியில்லை என்ற செய்தி வந்தாலும் இதே கதைதான்.

பிரவுசரில் எஃப்12 தட்டி நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு படம் ஏற்றுங்கள். சிவப்பாக வரும் வரியில் இருக்கும் எண்தான் உண்மையான சாட்சி. 413 பற்றி மேலே சொன்னேன். 403 அல்லது 406 என்றால் பெரும்பாலும் மாட்செக்யூரிட்டி போன்ற ஃபயர்வால் தடுக்கிறது. 500 என்றால் பிஎச்பி செத்துவிட்டது, 504 என்றால் நேரம் தீர்ந்துவிட்டது.

ஏறிவிட்டது, லைப்ரரியில் பெயர் இருக்கிறது, படம் மட்டும் தெரியவில்லை.

படத்தின் முகவரியை நேராக இன்னொரு தாவலில் திறந்து பாருங்கள். தெரிந்தால், தளம் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க, படத்தின் முகவரி பழைய எச்டிடிபியில் இருக்கிறதா பாருங்கள், டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் இதைச் சுத்தமாக மாற்றும், அதற்கு முன் பேக்கப் எடுங்கள். 403 வந்தால் உரிமை அல்லது ஹாட்லிங்க் தடை (உங்கள் படத்தைப் பிற தளங்கள் நேராக எடுத்துக் காட்டுவதைத் தடுக்கும் விதி). 404 வந்தால் கோப்பு அங்கே இல்லை, அல்லது பெயர் மாறிவிட்டது. அந்தக் கடைசிக் காரணம் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

மனது வைக்கச் சொல்கிறது, சர்வர் வேண்டாம் என்கிறது. அந்த நண்பர் வைத்த பெயர் ‘அய்யனார்-கோயில்-குதிரை’. கண்ணுக்கு மூன்று சொல். கம்ப்யூட்டருக்கு மெய், புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி, அப்படி எண்ணினால் 20 குறிகள். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், இரண்டு கோடுகளோடு 62 பைட். முகவரியில் போகும்போது ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும், ஆக 182 எழுத்து நீளம். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு எல்லை 255 பைட், ஒரு வாக்கியத்தையே பெயராக வைத்தால் 85 குறியில் முட்டிவிடும்.

இன்னொன்று யாருக்கும் எளிதில் பிடிபடாதது. ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்து இரண்டு குறியாகவும் எழுதலாம், இரண்டும் திரையில் ஒன்றேதான். மேக் கணினி வழியாகவோ சில ஜிப் கருவிகள் வழியாகவோ போய் வரும்போது ஒன்று மற்றதாக மாறிவிடும். டேட்டாபேஸில் ஒரு ‘கோயில்’, டிஸ்கில் வேறொரு ‘கோயில்’, கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்லவே முடியாது, வருவது 404. அதனால் கோப்புக்கு மட்டும் ‘அய்யனார்-01’ என்பதை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழை மாற்று உரையிலும் விளக்கக் குறிப்பிலும் தாராளமாக எழுதுங்கள், தேடுபொறி படிப்பதும், கண் தெரியாத வாசகரின் ஸ்கிரீன் ரீடர் வாய்விட்டுச் சொல்வதும் அதைத்தான்.

பிளகின்தான் காரணமா என்று எப்படிப் பார்ப்பது?

ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங் பிளகினை நிறுவி டிரபிள்ஷூட்டிங் மோடைப் போடுங்கள். உங்களுக்கு மட்டும் எல்லாப் பிளகினும் அணைந்து இயல்பான தீம் வரும், வாசகருக்கு எதுவும் மாறாது. அதில் படம் ஏறினால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பாதுகாப்பு, படச் சுருக்கம், கேஷ் (பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பு) என்ற வரிசையில் சந்தேகப்படலாம்.

ஹோஸ்டிங்காரரிடம் என்ன எழுதிக் கேட்பது?

‘படம் ஏறவில்லை’ என்று மட்டும் எழுதினால் கேஷைக் காலி செய்யுங்கள் என்று பதில் வரும். அதற்கு முன் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டபிள்யூபி_டீபக், டபிள்யூபி_டீபக்_லாக் இரண்டையும் ட்ரூ ஆக்கி, திரையில் பிழை தெரியாமல் இருக்க டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளேயை ஃபால்ஸ் ஆக்கி, ஒரு படம் ஏற்றிப் பார்த்துவிட்டு டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் உருவாகும் டீபக்.லாக் கோப்பின் கடைசி வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் ஏற்றினீர்கள், நெட்வொர்க் தாவலில் எந்த எண் வந்தது, 20 கேபி படம் ஏறியதா இல்லையா, படத்தின் பிக்சல் அளவு என்ன, இந்த நான்கையும் லாக் வரிகளோடு சேர்த்து அனுப்புங்கள். நேரம் சரியாக இருந்தால் அவர்கள் தங்கள் பக்கத்து லாகில் அந்த நொடியைத் தேடி எடுத்துவிடலாம். வேலை முடிந்ததும் டீபக்கை அணைத்து அந்த லாக் கோப்பையும் அழித்துவிடுங்கள், அது பல சர்வர்களில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது.